பொறுதியைத் தளர்த்தாதீர்கள்

"ஓடுதில்லையோ? ரெல்டோலைக் கூட்டிவிடு, ஓடும்." ஒப்-ஆம்ப் சுற்றுகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மாணவர்களிடையே இந்த வைத்தியம் கைமாறிக்கொண்டே வருகிறது. மூத்தவர் இளையவருக்குச் சொல்கிறார். இளையவர் அடுத்த ஆண்டு மூத்தவராகி அதையே சொல்கிறார். கிளிநொச்சியில் மட்டும் கேட்கும் பேச்சு அல்ல இது. கொழும்பிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இதே பேச்சுத்தான். ஒருங்கல் சிக்கலுக்கு மருந்து சொல்லும் கையேடுகள் பலவற்றில் பொறுதியைத் தளர்த்துவது முதல் நாலைந்து வரிகளுக்குள் வந்துவிடும்.

இந்த வைத்தியத்துக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது: சுற்று சரியாகத்தான் இருக்கிறது, கணினிதான் அடம்பிடிக்கிறது. அந்த நம்பிக்கையைத்தான் இங்கே மறுக்கிறேன். ஒப்-ஆம்ப் சுற்றொன்று ஒருங்க மறுத்தால் பெரும்பாலும் கோளாறு நாம் வரைந்த சுற்றில் இருக்கிறது, அல்லது அதற்கு நாம் கொடுத்த மாதிரியில் இருக்கிறது. பொறுதியைத் தளர்த்தும்போது அந்தக் கோளாறு அப்படியே இருக்க, அதைப் பற்றி வந்த செய்தி மட்டும் நின்றுபோகிறது. இரணைமடுக் குளத்தில் நீர் ஏறினால் வான்கதவைத் திறப்பார்கள். அளவுகோலைப் பிடுங்கி உயர்த்தி நட மாட்டார்கள்.

முதலில் இந்த ரெல்டோல் என்ற சார்புப் பொறுதி என்ன செய்கிறது என்று பார்ப்போம். இன்று எங்கள் மடிக்கணினிகளில் ஓடும் சிமுலேற்றர்களில் பெரும்பாலானவை கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த ஸ்பைஸின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோதான். டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் லோரன்ஸ் நேகல் எழுதிய ஸ்பைஸ் 1973இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 1975இல். பெடர்சன் அதை விற்காமல் கொடுத்தார். அதனால்தான் என்ஜி-ஸ்பைஸ் போன்ற வாரிசுகளைக் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் மாணவர் ஒரு சதமும் கொடுக்காமல் இறக்கிக்கொள்ள முடிகிறது. ஸ்பைஸ் ஒவ்வொரு கணுவின் வோல்ற்றளவையும் முதலில் ஊகித்துக்கொள்ளும். அந்த இடத்தில் வளையிகளின் படித்திறனை எடுத்து, நேர்கோடுகளாக்கி, தாயத்தைத் தீர்த்து, புதிய ஊகத்துக்கு நகரும். இது நியூற்றன்-ராப்சன் முறை. அடுத்தடுத்த இரண்டு ஊகங்களுக்கு இடையிலான வித்தியாசம் போதிய அளவு சிறிதாகிவிட்டால் "ஒருங்கிவிட்டது" என்று நிறுத்தும். எவ்வளவு சிறிது என்பதைத் தீர்மானிப்பவைதான் பொறுதிகள். தொடக்கப் பெறுமானங்கள் நேகலின் காலத்திலிருந்து மாறவில்லை: ரெல்டோல் 0.001, வோல்ற்றளவுக்கு ஒரு மைக்ரோவோல்ற், ஓட்டத்துக்கு ஒரு பிக்கோ அம்பியர்.

இனிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து வோல்ற்றில் இருக்கும் ஒரு கணுவில் ரெல்டோல் 0.001 என்றால், கடைசி இரண்டு ஊகங்களும் ஐந்து மில்லிவோல்ற் வரை வேறுபடலாம். 0.01 ஆக்கினால் ஐம்பது மில்லிவோல்ற். சாதாரண 741 ஒப்-ஆம்பின் திறந்த தட நயம் ஏறத்தாழ 200,000. அது பத்து வோல்ற் பயப்புத் தரும்போது அதன் இரண்டு பெய்ப்புகளுக்கும் இடையே இருப்பது ஐம்பது மைக்ரோவோல்ற்தான். அதாவது, சுற்றின் உயிர் இருக்கும் வித்தியாசத்தைப்போல ஆயிரம் மடங்கு தளர்வைக் கணினிக்கு அனுமதித்துவிட்டு, "இப்ப ஓடுது" என்று மகிழ்கிறோம்.

நியாயமான ஒரு மறுப்பு இங்கே எழும். நியூற்றன் முறை தீர்வை நெருங்கியதும் மிக வேகமாகக் கூடிவிடும். ஒவ்வொரு படியிலும் சரியான இலக்கங்கள் ஏறத்தாழ இரட்டிக்கும். ஆகவே உண்மையான பிழை பொறுதி சொல்வதைவிட மிகச் சிறிதாக இருக்கும். உண்மைதான். ஆனால் அது நல்ல நடத்தையுள்ள சுற்றுக்குப் பொருந்தும் உண்மை. ஒருங்க மறுத்த சுற்று நல்ல நடத்தையுள்ளது அல்ல என்பதுதானே எங்கள் தொடக்கப் புள்ளி! தீர்வை நெருங்காமல் இரண்டு இடங்களுக்கு இடையே ஆடிக்கொண்டிருக்கும் ஊகங்களை, ஆட்டத்தின் வீச்சைவிடப் பெரிய பொறுதியைக் கொடுத்து "ஒருங்கியவை" என்று அறிவிக்கச் செய்வதைத்தான் நாங்கள் செய்கிறோம்.

எண்ணிலேயே நின்றுவிடாமல் ஒரு சுற்றை எடுத்துக்கொள்வோம். பூநகரிப் பக்கம் கிணறு உவர்ப்பது பழைய கதை. வவுனியாவில் காரணம் தெரியாத சிறுநீரக நோயின் பேச்சு வந்த பிறகு குடிதண்ணீரின் தரம் வீட்டுத் திண்ணைப் பேச்சாகவே ஆகிவிட்டது. ஆகவே வன்னியில் இலத்திரனியல் படிக்கும் ஒருவர் செயற்றிட்டமாக நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் கருவியைத் தேர்ந்தெடுப்பது இயல்பு. (நோயின் காரணத்தை அந்தக் கருவி சொல்லாது, உவர்ப்பைச் சொல்லும்.) நேரோட்டத்தைப் பாய்ச்சினால் மின்வாய்கள் முனைவாகிவிடும், எனவே ஆடலோட்டம் வேண்டும். பத்துக் கிலோ ஓம் தடையிகளும் பத்து நானோ பரட் கொள்ளளவிகளும் கொண்ட வீன் பால அலையி ஒன்று, ஏறத்தாழ 1,590 ஏட்சு. அதன் சைகை நீருக்குள் போய்வந்து, ஒரு மைக்ரோ பரட் கொள்ளளவி வழியாக ஒரு டீஎல்072 ஒப்-ஆம்ப் தாங்கிக்குள் நுழைகிறது. பிறகு நுண் சீராக்கி, அதன் பிறகு ஆர்டுயினோ. எளிய சுற்று. ஒருங்கல் சிக்கலின் எல்லா வகைகளும் இதற்குள்ளேயே இருக்கின்றன.

முதல் ஓட்டத்திலேயே "தாயத்துக்கு நேர்மாறு இல்லை, இந்தக் கணுவைப் பாருங்கள்" என்ற செய்தி வருகிறது. சொல்லப்பட்ட கணு தாங்கியின் நேர்ப் பெய்ப்பு. வைத்தியர்கள் ஓடி வருகிறார்கள். பொறுதியைக் கூட்டிப் பார்க்கிறார்கள். பயனில்லை, ஏனெனில் இது பொறுதியின் கேள்வியே அல்ல. அடுத்த மருந்து ஆர்ஷண்ட்: ஒவ்வொரு கணுவிலிருந்தும் புவிக்கு ஒரு பெரிய தடையியைச் சத்தமில்லாமல் செருகிவிடும் தெரிவு. ஒரு கிகா ஓம் கொடுக்கிறார்கள். ஓடிவிட்டது! தயாரிப்பாளரின் டீஎல்072 மாதிரியை வைத்து ஓட்டினாலும் அழகான சைன் அலை. அறிக்கைக்குள் வரைபு போய்விட்டது.

கணினி என்ன சொல்லியது என்று யாரும் கேட்கவில்லை. நேரோட்டத்துக்குக் கொள்ளளவி திறந்த சுற்று. ஒப்-ஆம்பின் பெய்ப்பும் இலட்சிய மாதிரியில் திறந்த சுற்று. அந்தக் கணு எதனோடும் கட்டுப்படாமல் அந்தரத்தில் நிற்கிறது. அதன் வோல்ற்றளவு எதுவாகவும் இருக்கலாம். முடிவிலி விடைகள் உள்ள கேள்விக்கு விடை கேட்டோம். கணினி நேர்மையாகக் கையை விரித்தது.

மெய்யான டீஎல்072ஐ மேசையில் வைத்தால் என்ன நடக்கும்? அதன் பெய்ப்பில் 25 பாகையில் ஏறத்தாழ 65 பிக்கோ அம்பியர் சார்போட்டம் உண்டு. அது போக வேறு பாதை இல்லாததால் ஒரு மைக்ரோ பரட் கொள்ளளவியை ஏற்றும்: செக்கனுக்கு 65 மைக்ரோவோல்ற். பத்து வோல்ற் நகர ஏறத்தாழ 43 மணித்தியாலம். ஆய்வுகூடத்தில் அரை மணித்தியாலம் காட்டிவிட்டுப் புள்ளி வாங்கிக்கொண்டு போய்விடலாம்; ஒன்றும் தெரியாது. ஆனால் புலவிளைவுப் பெய்ப்புகளின் சார்போட்டம் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஏறத்தாழ இரட்டிக்கும். வைகாசி வெயிலில் கிணற்றுக் கட்டில் வைத்த பெட்டிக்குள் 55 பாகை என்று வையுங்கள்: எட்டு மடங்கு, அதாவது ஐந்தரை மணித்தியாலத்துக்கும் குறைவு. காலையில் பொருத்திய கருவி மத்தியானத்துக்குப் பிறகு நிரம்பல் நிலையில் செத்துக் கிடக்கும்.

இப்போது அந்த ஆர்ஷண்டைப் பாருங்கள். 65 பிக்கோ அம்பியர், ஒரு கிகா ஓம்: 65 மில்லிவோல்ற். கண்ணுக்குத் தெரியாத சிறு நகர்வு. மருந்து சுற்றின் நோயைத் தீர்க்காமல், நோயில்லாத வேறொரு சுற்றைச் சிமுலேற் செய்து காட்டிவிட்டது. அந்த ஒரு கிகா ஓம் தடையி அச்சுப் பலகையில் எங்கேயும் இல்லை. சரியான பரிகாரம் ஐந்து ரூபாயும் தேறாத ஒரு தடையி: நேர்ப் பெய்ப்பிலிருந்து புவிக்கு ஒரு மெகா ஓம். நகர்வு 0.065 மில்லிவோல்ற், 55 பாகையிலும் அரை மில்லிவோல்ற்றைச் சற்றே தாண்டும். அதை வரைந்தால் ஆர்ஷண்ட் இல்லாமலே ஓடும், மேசையிலும் ஓடும், கிணற்றுக் கட்டிலும் ஓடும்.

வரையும்போது ஒரு பொறி. ஒரு மெகா ஓம் என்று எண்ணி ஒன்றும் "எம்" எழுத்தும் தட்டினால் ஸ்பைஸ் அதை ஒரு மில்லி ஓம் என்று வாசிக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு அதற்கு இல்லை. மெகாவுக்கு "மெக்" என்று மூன்று எழுத்தும் வேண்டும். ஆயிரம் மில்லியன் மடங்கு பிழை! சைகை புவிக்குள் வழிந்துபோகும், பயப்பு தட்டையாக நிற்கும். ஆனால் கவனியுங்கள், ஒரு பிழைச் செய்தியும் வராது. மிக நன்றாக ஒருங்கும். ஐம்பது ஆண்டுகளாக உலகம் முழுவதும் ஆட்களை விழுத்திய பொறி இது, இன்னும் யாரும் மூடவில்லை.

இது என்னை அடுத்த இடத்துக்குக் கொண்டுவருகிறது. பொறுதி வைத்தியத்தின் மறுபக்க நம்பிக்கை "ஒருங்கியதென்றால் சரி" என்பது. இதைவிட ஆபத்தானது வேறில்லை. உயர்தரப் பௌதிகவியலில் செயற்பாட்டு விரியலாக்கியின் பொன்விதிகளை மனனம் செய்து வந்த பிள்ளைகளுக்கு ஒரு பரிசோதனை சொல்கிறேன். சாதாரண நேர்மாற்றா விரியலாக்கியை வரையுங்கள், நயம் 11. இப்போது ஒப்-ஆம்பின் நேர், மறைப் பெய்ப்புகளை மாற்றித் தொடுத்துவிடுங்கள். நிரம்பல் இல்லாத எளிய மாதிரியோடு நேரோட்ட விடையைக் கேளுங்கள். நயம் 11க்கு மிக அருகில் வரும். மீடிறன் வரைபு கேளுங்கள். அதன் பருமனும் மாற்றமில்லாமல் வரும். நயம் 200,000 ஆக இருந்தாலும் மறை 200,000 ஆக இருந்தாலும் சமன்பாடு பெய்ப்பு வித்தியாசத்தைப் பூச்சியத்துக்கு அருகே தள்ளும். சமன்பாட்டுக்கு உறுதிநிலை என்ற ஒன்று தெரியாது. மேசையில் அதே சுற்று மின்னைக் கொடுத்த கணமே ஒரு பக்க நிரம்பலில் போய் ஒட்டிக்கொள்ளும். பொன்விதிகள் மறைப் பின்னூட்டல் இருந்தால் மட்டுமே செல்லும் என்று பாடநூல் ஒரு வரியில் சொல்கிறது. பரீட்சையில் அந்த வரிக்குப் புள்ளி குறைவு.

இதையே சிமிற் தூண்டிச் சுற்றில் பாருங்கள். அதற்கு மூன்று நேரோட்ட விடைகள்: மேல் நிரம்பல், கீழ் நிரம்பல், நடுவே ஒன்று. நடுவில் உள்ளது நிற்க முடியாத விடை. எல்லாக் கணுக்களையும் பூச்சியத்தில் வைத்து ஊகத்தைத் தொடங்கும் நியூற்றன் முறை பல வேளை அந்த நடு விடையிலேயே போய் அமர்ந்துவிடும். ஒருங்கியது, ஆனால் இயற்கையில் இல்லாத இடத்தில். எங்கள் வீன் பால அலையியும் இப்படித்தான்: எல்லாம் பூச்சியம் என்பது அதற்குச் சரியான நேரோட்ட விடை. கணினியில் வெப்ப இரைச்சல் இல்லை. ஆகவே அது பூச்சியத்திலேயே உறங்கும். "அலையி வேலை செய்யுதில்லை" என்று தடையிகளை மாற்றுபவர்களைக் கண்டிருப்பீர்கள். வேண்டியது ஒரு கொள்ளளவிக்குச் சிறு தொடக்க வோல்ற்றளவு, அல்லது வழங்கியைப் பூச்சியத்திலிருந்து சில மைக்ரோ செக்கனில் ஏற்றுவது.

அங்கேதான் இன்னொரு போலி மருந்து நுழைகிறது: "நேரோட்ட விடையைத் தேடாதே, தொடக்க நிலைகளோடு நேரே ஓடு" என்ற கட்டளை. அலையிக்கு அது பொருத்தம். ஆனால் நேரோட்டப் புள்ளி ஒருங்காத எந்தச் சுற்றுக்கும் இதையே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வி பிடிக்கவில்லை, ஆகவே கேட்கவே வேண்டாம் என்பதுதான் அதன் பொருள்.

சரி, சுற்றில் பிழையே இல்லை, எல்லாக் கணுவுக்கும் புவிக்குப் பாதை உண்டு, வழங்கிகளின் குறி சரி, அலகுகள் சரி. அப்போதும் ஒருங்கவில்லை என்றால்? அப்படியும் நடக்கும். ஒப்-ஆம்பின் இயல்பே அதற்குக் காரணம். வழங்கி 15 வோல்ற் என்றால் பயப்பு ஏறத்தாழ 13 வோல்ற்றில் நிரம்பும். 200,000 நயத்தில், பெய்ப்பு வித்தியாசம் பூச்சியத்தின் இரு புறமும் 65 மைக்ரோவோல்ற்றுக்குள் இருக்கும்போது மட்டும் வளையி செங்குத்தாக ஏறுகிறது; அதற்கு வெளியே இரு பக்கமும் தட்டை. தட்டையில் படித்திறன் பூச்சியம். நியூற்றன் முறை படித்திறனைப் பிடித்துத்தான் நடக்கிறது. படித்திறன் இல்லாத இடத்தில் அது அடுத்த ஊகத்தை எங்கோ எறிந்துவிடும். எறிந்த இடம் மறுபக்கத் தட்டை. அங்கிருந்து திரும்ப எறி. நூறு முறை முயன்றுவிட்டு நிறுத்திக்கொள்ளும், ஏனெனில் ஸ்பைஸின் தொடக்க எல்லை நூறு. அந்த எல்லையை ஆயிரமாக்கினால் ஆயிரம் முறை எறிந்துவிட்டு நிறுத்தும். இரண்டு இடங்களுக்கு இடையே ஆடும் ஊகத்துக்கு எண்ணிக்கை மருந்தாகாது.

மருந்து வளையியில் இருக்கிறது. "இதைத் தாண்டினால் 13, இல்லையென்றால் இவ்வளவு" என்று நிபந்தனைக் கூற்றால் வெட்டி எழுதிய மாதிரிகள் மூலையில் படித்திறனைச் சட்டென்று உடைக்கின்றன. அந்த இடத்தில் அதிபரவளைவுத் தான்சன் சார்பை வையுங்கள். மூலை மழுங்கி, படித்திறன் எங்கும் தொடர்ச்சியாக இருக்கும். அதன் பிறகும் தொடக்க ஊகம் தூரத்தில் இருந்தால், எதிர்பார்க்கும் வோல்ற்றளவை நோட்செற் கட்டளையால் சொல்லிக்கொடுங்கள். ஒரு சுற்றை வரைந்தவருக்கு அதன் பயப்பு ஓய்வில் ஏறத்தாழ எங்கே இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால், ஒருங்கலுக்கு முன்னால் தீர்க்க வேண்டிய பிரச்சினை அது.

கணினியே தன்பாட்டில் செய்யும் முயற்சிகளும் உண்டு. அவற்றைத் தோல்விச் செய்திகளாக மட்டும் வாசித்துவிட்டுக் கடந்துபோகிறோம். ஜிமின் படியேற்றம் என்று ஒன்று. பேர்க்லி ஸ்பைஸின் மூன்றாம் பதிப்பு எல்லாக் கணுக்களுக்கும் முதலில் நூறு ஓம் அளவில் புவிக்குக் கசிவு வைத்து, சுலபமான அந்தச் சுற்றைத் தீர்த்து, பிறகு கசிவைப் பத்துப் பத்து மடங்காகக் குறைத்துக்கொண்டு பத்தாவது படியில் பத்து இலட்சம் மெகா ஓமுக்கு வரும். வழங்கிப் படியேற்றம் இன்னொன்று: எல்லா வழங்கிகளையும் பூச்சியத்திலிருந்து மெல்ல ஏற்றும். இவை பொறுதியைத் தொடுவதில்லை. கடைசிப் படியில் மெய்யான சுற்றையே தீர்க்கின்றன. ஆகவே இவற்றால் கிடைத்த விடை நேர்மையானது. இவை தோற்றாலும் பயனுண்டு. கசிவு ஒரு கிகா ஓமுக்கு வந்ததும் விழுந்தது என்றால், அந்த அளவு மின்மறுப்புள்ள ஒரு கணுவைத் தேடுங்கள். பெரும்பாலும் ஒப்-ஆம்பின் பெய்ப்பில் இருக்கும். வழங்கி 60 சதவீதத்தில் விழுந்தது என்றால், அந்த வோல்ற்றளவில் எந்தப் பாகம் நிலை மாறுகிறது என்று பாருங்கள். ஒரு சேனர் உடைகிறதா, ஒரு திரான்சிற்றர் திறக்கிறதா? தோற்ற இடம் ஒரு துப்பு. ரெல்டோலைக் கூட்டியவருக்கு அந்தத் துப்புக் கிடைப்பதில்லை.

எங்கள் சுற்றின் கடைசிப் பகுதி, நுண் சீராக்கி, வேறு விதமாக அழும்: "காலப்படி மிகச் சிறிதாகிவிட்டது." சைகை பூச்சியத்தைக் கடக்கும் கணத்தில் இரண்டு இருவாயிகளும் மூடியிருக்கும், பின்னூட்டல் தடம் திறந்திருக்கும், ஒப்-ஆம்பின் பயப்பு ஒரு இருவாயியை விட்டு மற்றதைத் திறக்க 1.2 வோல்ற் அளவு தாவ வேண்டும். ஸ்பைஸ் ஒரு காலப்படியில் பத்து முறைக்குள் ஒருங்காவிட்டால் படியை எட்டில் ஒன்றாக்கி மறுபடி முயலும். மாதிரியில் நேர மாறிலி ஏதும் இல்லையென்றால் தாவல் எவ்வளவு சிறிய படியிலும் அதே தாவல்தான். எட்டால் வகுத்துக்கொண்டே போய்ச் சுவரில் முட்டும். இங்கும் பொறுதியைக் கூட்டினால் சிலவேளை "ஓடும்". தாவல் தளர்வுக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஆனால் மெய்யான தாவலுக்கு நேரம் எடுக்கும். ஸ்பைஸின் தொடக்க இருவாயி மாதிரியில் சந்திக் கொள்ளளவம் பூச்சியம். 1என்4148 மாதிரி எடுத்தால் நாலு பிக்கோ பரட் வரும். 741இன் ஏறுவீதம் மைக்ரோ செக்கனுக்கு அரை வோல்ற். ஆகவே அந்தத் தாவலுக்கு 2.4 மைக்ரோ செக்கன். டீஎல்072 என்றால் அதன் சிறு பங்கு. இந்த இரண்டையும் மாதிரிக்குள் வைத்தால் காலப்படி பிடித்து நடக்க ஒரு சாய்வு கிடைக்கிறது, ஓட்டம் முடிகிறது. அதோடு, 1,590 ஏட்சில் ஒவ்வொரு கடப்பிலும் 2.4 மைக்ரோ செக்கன் தொலைவது அளவீட்டில் எவ்வளவு பிழை தரும் என்பதையும் வரைபு காட்டிவிடுகிறது. ஒருங்க வைத்த மாற்றமே சுற்றைப் பற்றி ஒரு செய்தி தந்தது.

பொறுதியைத் தளர்த்துவதால் ஒருங்கல் மோசமாகும் சந்தர்ப்பமும் உண்டு என்றால் பலர் நம்புவதில்லை. ஒவ்வொரு காலப்படியின் விடையும் அடுத்த படிக்கு ஊகம். அரைகுறை விடையிலிருந்து புறப்பட்ட ஊகம் அரைகுறையாகவே இருக்கும். கொள்ளளவி ஓட்டங்களோ அந்த விடைகளின் வித்தியாசத்திலிருந்து வருகின்றன, தளர்வு அங்கே இரைச்சலாகப் பெருகும். அலையியில் இதோடு தொகையீட்டு முறையையும் கியர் முறைக்கு மாற்றிவிட்டால், பெரிய படிகளில் அந்த முறையின் செயற்கைத் தணிப்பு அலைவையே அடக்கிவிடக்கூடும். மேசையில் பாடும் அலையி திரையில் ஊமை.

எதிர்ப்பக்கத்து ஆட்களையும் விட்டுவிடக் கூடாது. "சிமுலேசனே பொய், சுற்றைக் கட்டிப் பார்" என்று சொல்பவர்கள். இவர்களின் தலைமகன் அமெரிக்காவின் நஷனல் செமிகண்டக்டரில் இருந்த பொப் பீஸ். ஸ்பைஸை நம்பாதீர்கள் என்று இலக்ரோனிக் டிசைன் சஞ்சிகையில் அவர் காரசாரமாக எழுதினார். அவர் எழுதியதில் நியாயம் நிறைய உண்டு. மேலே சொன்ன பெய்ப்பு மாற்றிய விரியலாக்கியைக் காட்டினால் அவர் சிரித்திருப்பார். எங்கள் மண்ணிலும் இந்தக் கட்சிக்கு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அதைச் சொல்லும் உரிமையும் இருக்கிறது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பற்றரி கிடைக்காத வன்னியில் சைக்கிள் டைனமோவை மிதித்து றேடியோவில் செய்தி கேட்ட தலைமுறை அது. எந்தச் சிமுலேற்றரும் இல்லாமல் சுற்றை விரல் நுனியில் அறிந்தவர்கள்.

ஆனால் பொப் பீஸுக்குப் பக்கத்து அறையில் பாகங்கள் நிறைந்த அலுமாரி இருந்தது. கிளிநொச்சியில் ஒரு மாணவி ஒப்-ஆம்பை எரித்துவிட்டால், அதிலும் கொஞ்சம் விசேடமான ஒன்றென்றால், யாழ்ப்பாணத்தில் தேட வேண்டும், இல்லாவிட்டால் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு ஆள் அனுப்ப வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் தொழில்நுட்பப் பீடமும், இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் அறிவியல் நகரில் அக்கம்பக்கமாக இருக்கின்றன. 2021இல் வவுனியா வளாகமும் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. இத்தனை பிள்ளைகள் கட்டுவதற்கு முன் யோசிக்கும் இடம் திரைதான். அந்தத் திரை எப்போது கையை விரிக்கிறது, ஏன் விரிக்கிறது என்று வாசிக்கத் தெரிந்தால் மட்டுமே அது பயன்படும். பொறுதியைத் தளர்த்தி அதை வாய்மூட வைத்துவிட்டால், பொப் பீஸ் சொன்னது சரியென்று நாங்களே நிரூபித்துக் கொடுத்தவர்கள் ஆவோம்.

பொறுதியைத் தொடவே கூடாதா? தொடலாம், காரணம் சொல்ல முடிந்தால். சூரியத் தகட்டுக்கான மாற்றி ஒன்றில் நூறு அம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். அங்கே ஓட்டப் பொறுதியை ஒரு பிக்கோ அம்பியரில் விட்டுவைப்பது, நூறு அம்பியர் ஓடும் சுற்றில் பூச்சியத்தை ஒட்டி நிற்கும் கிளைகளில் பதினான்காவது இலக்கத்துக்குச் சண்டை பிடிப்பதாகும். கணினியின் இரட்டைத் துல்லிய எண்ணுக்கே ஏறத்தாழ பதினாறு இலக்கந்தான் உண்டு. அந்தப் பொறுதியை நானோ அம்பியருக்கு, மைக்ரோ அம்பியருக்குக் கூட ஏற்றுவது புத்திசாலித்தனம். ஆனால் 65 பிக்கோ அம்பியரில் உயிர்வாழும் டீஎல்072 பெய்ப்பு இருக்கும் சுற்றில் அதே தளர்வைச் செய்தால், அந்த ஓட்டம் உண்டா இல்லையா என்பதே தளர்வுக்குள் மறைந்துபோகும். எந்த எண் எந்தச் சுற்றுக்கு என்பதுதான் கேள்வி. "கூட்டிவிடு, ஓடும்" என்பதில் அந்தக் கேள்வி இல்லை.

"நாளைக்கு அறிக்கை கொடுக்க வேணும், இதெல்லாம் பார்க்க நேரமில்லை" என்பது கடைசி வாதம். நேகலின் காலத்தில் இந்த வாதத்துக்குப் பொருள் இருந்தது. துளை அட்டையில் எழுதிப் பெருங்கணினி முன் வரிசையில் நின்றவர்களுக்கு ஒவ்வொரு செக்கனும் காசு. இன்று எங்கள் கடத்துதிறன் மானியின் முழுச் சுற்றும் ஒரு சாதாரண மடிக்கணினியில் சில செக்கனில் ஓடிமுடியும். அந்தச் செக்கன்களில் ஒரு வேலை செய்யலாம்: விடை வந்த பிறகு ரெல்டோலைப் பத்து மடங்கு இறுக்கி, 0.0001 ஆக்கி, ஆர்ஷண்ட் போட்டிருந்தால் எடுத்துவிட்டு, இன்னொரு தடவை ஓட்டுங்கள். இரண்டு வரைபுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் அறிக்கைக்குள் போடலாம். படியாவிட்டால், முதல் வரைபை எந்தத் தலைப்பின் கீழ் போடுவது என்று மேற்பார்வையாளரிடமே கேளுங்கள்.